போனஸ் அண்ணையின் மிச்சப் பாட்டுகள்

பாட்டை விட்டுவிட்டு, பாட்டில் மிஞ்சியதைக் கேட்பதற்காகவே லண்டனிலிருந்து இசைத்தட்டு வரவழைக்கும் மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கிளிநொச்சியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறார். சொந்தப் பெயர் ஏதோ இருக்கும். ஊருக்கு அவர் போனஸ் அண்ணை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாயாற்றில் வலை இழுத்து, வவுனியாவில் சீமெந்துக்கல் அரிந்து, அரிசி ஆலையில் மூட்டை தூக்கி, இடுப்புப் பிடித்த பிறகு அவரிடம் வயர் சுற்றச் சேர்ந்தேன். முதல் நாளே ஒரு பார்சலைப் பிரித்துக் காட்டினார்.

"ஐசே, இது நாப்பது வருசத்துக்கு முந்தின தட்டு. இப்ப திருப்பி அடிச்சிருக்கிறாங்கள். முதல் தட்டிலை பழைய பாட்டு. ரெண்டாவதுதான் போனஸ்."

"போனஸ் எண்டா புதுப் பாட்டோ?"

"இல்லை, பிழைச்ச பாட்டு. பாடிப் பாத்து, சரிவரேல்லை எண்டு எறிஞ்சது."

"எறிஞ்சதையோ அண்ணை தேடி எடுக்கிறியள்?"

"நல்லதை எல்லாரும் வைச்சிருப்பாங்கள்."

அந்தப் பாட்டுகளுக்குப் போஸ்ட் பங்க் என்று பெயராம். தகரக் கொட்டகைக்குள் தண்ணீர்ப் பம்பு ஓட, அதற்குள் ஒருவன் தன் மனைவி போய்விட்டாள் என்று அறிவிப்பதுபோல இருக்கும்.

விசயத்தை அவர் ஒரு மத்தியானம், சோற்றைக் குழைத்துக்கொண்டே சொன்னார். இளவயதில் அவரும் தம்பியும் லண்டனில் ஒரு பாட்டுப் பதியும் இடத்தில் கூட்டித் துடைத்தார்கள். ஒருநாள் ஒரு வெள்ளைக்காரக் குழுவின் பாட்டுப் பதிவாகிக்கொண்டிருக்கத் தம்பி கதவைத் திறந்து தமிழில் ஏதோ கூப்பிட்டுவிட்டான். பதிவு பழுது. வெள்ளைக்காரர்கள் ஏசினார்கள். பிறகு தம்பி ஊருக்கு வந்தான். கடைசிச் சண்டையில் காணாமற்போனான்.

"முகம் நினைவிருக்கு ஐசே. குரல் மறந்துபோச்சு. என்னெண்டு கூப்பிட்டவன் எண்டும் தெரியேல்லை. அந்தப் பழுதான பதிவிலை மட்டும்தான் இருக்கு."

அந்தக் குழுவின் தட்டுகள் சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபதிப்பாகின்றன. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் குப்பையைக் கிளறிச் சேர்க்கிறார்கள். அவர் காத்திருக்கிறார்.

"ஃபோனிலை கேக்கலாமே அண்ணை?"

"அதிலை உந்தக் கடைசித் தட்டுப் போடமாட்டாங்கள்."

சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியில் கேட்டால் தம்பியின் குரல் தவறிப்போகும் என்று பயம். ஆகவே வாடகைக்குப் போகும் இடமெல்லாம் பெரிய பெட்டிகளைப் பரிசோதிக்கிறேன் என்ற சாட்டில் போனஸைப் போடுவார். ஒரு கோயில் திருவிழாவுக்குக் கட்டியபோது தர்மகர்த்தா வேட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார்.

"தம்பி, எந்த வயர் எரியுது?"

"வயர் எரியேல்லை ஐயா. இது பாட்டு."

"அப்ப பாட்டை நிப்பாட்டிப்போட்டு வயரை எரியவிடும்."

இந்தப் புகழைக் கேள்விப்பட்டு நெளுக்குளத்துக்கு அப்பாலிருந்து ஒரு வயற்காரர் வந்தார். யானை விரட்டப் பெட்டி வேண்டுமாம். இருட்டத் தொடங்கும் மைம்மல் பொழுதில் வரம்பில் வைத்துப் போட்டோம். ஒற்றை யானை வந்தது. போகவில்லை. வாய்க்கால் கரையில் நின்று காதை ஆட்டியது. அடுத்த பாட்டுக்கு இன்னும் கிட்ட வந்தது.

"பாத்தீரே, தாளம் பிடிக்குது" என்றார் போனஸ் அண்ணை.

"அண்ணை, நான் கலைக்கத்தான் கேட்டனான். சபை கூட்டச் சொல்லேல்லை" என்றார் வயற்காரர், மரத்துக்குப் பின்னாலிருந்து.

வீடு திரும்பும்போது அண்ணை சொன்னார், தன்னோடு இருந்து அந்தத் தட்டை முழுதாகக் கேட்ட முதல் ஆள் அந்த யானைதான் என்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றும் தம்பியின் குரல் வரவில்லை.

போன வருடம் செங்கல் கனத்தில் ஒரு பெட்டி வந்தது. நாலு தட்டு, ஒரு தடித்த புத்தகம். கடைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டோம். கடைசித் தட்டில், பம்புச் சத்தத்துக்கு நடுவே ஒரு கதவு கிறீச்சிட்டது.

"அண்ணை, தேத்தண்ணி ஆறுது. வாவன்."

ஒரு வெள்ளைக்காரன் ஏசினான். பாட்டு நின்றது. அவ்வளவுதான்.

போனஸ் அண்ணை தட்டை எடுத்து உறைக்குள் போட்டார். பிறகு புத்தகத்தைப் புரட்டி, அந்தப் பாட்டைப் பற்றி எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னார். "கீழைத்தேயத்துப் பழைய பிரார்த்தனை வரியாம் ஐசே. இவங்கள் ஆன்மிகம் தேடினதுக்கு அத்தாட்சியாம்." கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

"திருப்பிப் போடட்டோ அண்ணை?"

"வேண்டாம். இண்டைக்கு இவ்வளவும் காணும்."

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த மாதமே, அதே குழுவின் இன்னும் பெரிய மறுபதிப்பு வரப்போகிறதாம், அதற்குச் சொல்லிவைத்துவிட்டார்.

"அதுதான் கிடைச்சிட்டுதே. இனி ஏன்?"

"அண்டைக்கு அவன் கூப்பிட நான் போகேல்லை. பக்கத்து அறையிலை நிலம் கூட்டிக்கொண்டு நிண்டனான். அதாலை இன்னொருக்காலும் வந்து கூப்பிட்டவன். அதுவும் ஒரு தட்டிலை எங்கையாவது பதிஞ்சு கிடக்கும்."

இப்போது அவருக்கு முழங்கால் வருத்தம். தபாற்கந்தோருக்கு நான்தான் சைக்கிளில் போகிறேன். பார்சல் வராத நாட்களில் நேரே கடைக்குத் திரும்புவதில்லை. சந்தையடியால் சுற்றி, மெதுவாக உழக்கி வருவேன். நான் போய்ச் சேரும்வரைக்கும் அவருக்குப் பார்சல் வந்துகொண்டிருக்கும்.