ஆட்டுத் தீவில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம்

ஹால்விக்,
வெள்ளிக்கிழமை.

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய மில்டிரட் அக்காவுக்கு, தம்பி க்ளெமென்ட் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

லீட்ஸில் நீயும் நார்மன் அத்தானும், அத்தானுடைய முழங்காலும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் இரண்டு காலையும் கடுகு கலந்த வெந்நீரில் வைத்துக்கொண்டு, வரிக்கு ஒரு தும்மல் போட்டுக்கொண்டு எழுதுகிறவன் அப்படி எழுதினால் கடவுளுக்கே அடுக்காது. நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். உன் வீட்டு மாடியில் பின்பக்கம் ஒரு சின்ன அறை இருக்கிறதே, அத்தான் தூண்டில் சாமான்களைப் போட்டு வைத்திருக்கும் அறை, அதை எனக்குத் தர முடியுமா? ஒரு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ கேட்கவில்லை. ஒரேயடியாக வந்துவிடலாம் என்று இருக்கிறேன். வாசகர் வட்டத்தை விட்டு விலகுகிறேன், ஹால்விக்கையும் விட்டுக் கிளம்புகிறேன். இனிமேல் இந்த ஊர் மனிதர்கள் முகத்தில் விழிப்பதாக இல்லை. காரணம் கேட்பாய். யோசித்துப் பார்த்தால் மூல காரணம் நீதான்.

என் ஆக்னஸ் என்னைத் தனியே விட்டுக் கண்ணை மூடிய பிறகு, "தனியா சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காதடா, நாலு மனுஷங்களோட பழகு" என்று தொலைபேசியில் என்னைப் போட்டுப் பிடுங்கி எடுத்தது யார்? அக்கா சொல்லைத் தட்டக்கூடாது என்று போய்ச் சேர்ந்தேன். வியாழக்கிழமைதோறும் தேவாலயத்துப் பின்கூடத்தில் கூடுகிற வட்டம். தலைவர் மிஸ்டர் ராட்க்ளிஃப், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். பள்ளிக்கூடம்தான் அவரை விட்டதே தவிர அவர் பள்ளிக்கூடத்தை விடவில்லை, இன்னும் நாங்கள் நகம் வெட்டியிருக்கிறோமா என்று பார்க்கிற மாதிரியே பார்ப்பார். செயலாளர் மிஸஸ் பிரிங்கிள், தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவர். கூட்டத்தில் யார் தும்மினாலும் குறித்துக்கொள்வார். அப்புறம் கறிக்கடை டாட்ஸ், எந்தப் புத்தகத்திலும் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு வருகிறவர். ஓகில்வி சகோதரிகள் இருவர், அக்கா பாதி வாக்கியம் சொன்னால் தங்கை மீதியை முடிப்பாள். கடைசியாக நான். கடைசியாக என்று நான் சும்மா சொல்லவில்லை. வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசியில் சேர்ந்தவர்தான் டீ போட வேண்டும், நாற்காலி அடுக்க வேண்டும், கதவு ஓரத்தில் காற்று புகுகிற இடத்தில் உட்கார வேண்டும், கேக்கில் கருகிய ஓரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை. இன்னொருவர் புதிதாகச் சேர்ந்தால் விடுதலை. எனக்கு முன்னால் டாட்ஸ் ஆறு வருஷம் டீ போட்டிருக்கிறார். ஹால்விக்குக்குப் புதிதாக யார் வருகிறார்கள், சொல்லு.

இந்த மாதம் படிக்க எடுத்தது ஒரு பழைய நாவல். கப்பல் உடைந்து ஆளில்லாத தீவில் ஒதுங்குகிற கனவான்கள், சவரம் செய்வதை நிறுத்தி, சட்டையைக் கழற்றி, கடைசியில் ஒருத்தரை ஒருத்தர் வேட்டையாடுகிற கதை. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் பாடமாக வந்ததுதான். தீவுக் கதையைத் தீவிலேயே போய்ப் பேசினால் என்ன என்று ராட்க்ளிஃபுக்குத் தோன்றிவிட்டது. ஆட்டுத் தீவு உனக்குத் தெரியும், கடல் வற்றும்போது மணல் மேலேயே நடந்து போய்விடலாம், ஏறினால் பாதை முழுகிவிடும். நேற்று மதியம் போனோம். டீக் கூடையைத் தூக்கினது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. புல்தரையில் கம்பளம் விரித்து, வெள்ளரிக்காய் சாண்ட்விச் எல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகு ராட்க்ளிஃப் எழுந்து நின்றார். "மனுஷனுக்குள்ள ஒரு மிருகம் படுத்துக்கிட்டிருக்கு. சட்டம், ஒழுங்கு, நேரத்துக்கு மணி, இதெல்லாம்தான் அதக் கட்டி வெச்சிருக்கு. அவுத்து விட்டா போச்சு" என்றார். "நம்ம மாதிரி ஆளுங்களுக்குள்ளயுமா?" என்று மிஸஸ் பிரிங்கிள் கவலையோடு கேட்டார். "சேச்சே, நான் பொதுவா மனுஷங்களச் சொல்றேன்" என்றார் ராட்க்ளிஃப்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. நான் பார்த்தேன். டாட்ஸ் பார்த்தார். ஓகில்வி அக்கா இரண்டு தடவை இருமினாள். மிஸஸ் பிரிங்கிள் கடலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு மறுபடியும் ராட்க்ளிஃபை மலர்ந்த முகத்தோடு பார்த்தார். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே எப்படி, "ஐயா, முழுகப் போறோம்" என்று சொல்வது? நீயே இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாய் அக்கா. அவர் பேசி முடித்து, நாங்கள் கைதட்டி, மிஸஸ் பிரிங்கிள் நன்றி கூறி முடித்தபோது பாதையும் முடிந்திருந்தது. இதில் வேடிக்கை, ராட்க்ளிஃபும் முன்பே பார்த்துவிட்டாராம். "எல்லாரும் அவ்வளவு ஆர்வமாக் கேட்டுக்கிட்டிருக்கும்போது நிறுத்தினா உங்க மனசு புண்படுமேன்னு பேசிக்கிட்டே இருந்தேன்" என்கிறார்.

மழையும் பிடித்துக்கொண்டது. பறவை பார்க்க வருகிறவர்களுக்காகப் போட்ட பலகைக் குடிசை ஒன்றுதான் அங்கே இருக்கிறது. உள்ளே ஒரு பெஞ்சு, ஒரு இரும்பு அடுப்பு. ஆறு பேரும் நுழைந்தோம். கொண்டுபோன டீ ஐந்து கோப்பைதான் வந்தது, ஆறாவது யாருக்கு இல்லை என்று கேட்காதே. கொஞ்ச நேரத்தில் பசி கிளம்பியது. டாட்ஸ் கோட்டுக்குள்ளிருந்து, மாவுக்குள் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட பணியாரம் ஒன்றை முழுசாக எடுத்தார், வீட்டில் செய்தது, மேல்தோல் பொன்னிறம். "யாருக்காவது வேணுமா?" என்று கேட்டார். எல்லோரும் ஒரே குரலாக "ஐயோ, வேண்டாம் வேண்டாம்" என்றோம். முதல் தடவை வேண்டாம் என்பதும், இரண்டாம் தடவை கேட்டதும் "சரி, ரொம்பச் சின்னத் துண்டா" என்பதும்தானே உலக வழக்கம்? டாட்ஸ் இரண்டாம் தடவை கேட்கவே இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு முழுசையும் தின்று முடித்தார். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். நேற்று எங்களிடம் ஒன்பது பறந்தது, மரியாதை மட்டும் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. "என்ன மழை பாருங்க" என்று எல்லோரும் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

அடுத்தது குளிர். விறகெல்லாம் ஈரம். காகிதம் இருந்தால் பற்றவைக்கலாம் என்றார் டாட்ஸ். கூட்டக் குறிப்பேட்டை மிஸஸ் பிரிங்கிள் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நாவலை எரிக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. ராட்க்ளிஃப் கண்ணை மூடி யோசித்து, "விவாதிச்சு முடிச்ச அத்தியாயங்கள எரிக்கிறதுல தப்பில்ல" என்று தீர்ப்பு சொன்னார். ஆனால் மற்றவர்கள் கையில் இருந்ததெல்லாம் நூலகத்துப் பிரதி. நூலகப் புத்தகத்தை எரிப்பதா, நாம் என்ன காட்டுமிராண்டிகளா? எல்லோர் பார்வையும் மெதுவாக என் மடிக்கு வந்தது. என்னுடையது சொந்தப் பிரதி. அதாவது, ஆக்னஸுடையது. அவள் படிக்கும்போது ஓரத்தில் பென்சிலால் ஏதாவது எழுதுவாள், உனக்குத் தெரியும். அந்தக் கனவான்கள் முதல் தடவை ஈட்டியைத் தூக்குகிற இடத்தில், 'பாவம், ரொம்பக் குளிரியிருக்கும்' என்று எழுதியிருக்கிறாள். இதை நான் அங்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். "பரவாயில்ல, எடுத்துக்குங்க" என்றேன். அடுத்தவர் புத்தகத்தைக் கிழிக்க யாருக்கும் கை வரவில்லை, அதனால் நானே கிழித்துக் கிழித்துக் கொடுத்தேன்.

அடுப்பு அருமையாகப் பற்றிக்கொண்டது. அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று. அடுப்பு ஓரம் சுட்டதால் எல்லோரும் பெஞ்சில் நகர வேண்டியதாயிற்று. முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்தப் பெஞ்சில் எட்டுப் பேர் உட்காரலாம். ஆனால் நாம் என்ன அப்படியா வளர்ந்தோம்? ஒருத்தர் மேல் ஒருத்தர் படாமல் கௌரவமாக உட்கார்ந்தால் ஐந்து பேர்தான். தரையில் உட்காரலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். ராட்க்ளிஃப் தொண்டையைச் செருமினார். "இங்க யாரும் யாரையும் வெளிய போகச் சொல்லல. நாம காட்டுல இல்ல. முறையா ஒரு தீர்மானம் வெச்சுப் பாத்துடுவோம்." ஓகில்வி அக்கா, "கடைசியா சேர்ந்தவங்க யாரோ அவங்க..." என்று ஆரம்பித்தாள். "...கொஞ்ச நேரம் வெளிய காத்தாட நின்னா நல்லதுன்னு முன்மொழியறோம்" என்று தங்கை முடித்தாள். "வழிமொழிய யாராவது?" என்றார் ராட்க்ளிஃப். டாட்ஸ் தன் பூட்ஸைப் பார்த்தார். மிஸஸ் பிரிங்கிள் பேனா முனையைப் பார்த்தார். ஓகில்வி தங்கையின் முகம் சிவந்துவிட்டது. தீர்மானம் அந்தரத்தில் தொங்குகிறது, அக்கா. எல்லோருக்கும் எவ்வளவு தர்மசங்கடம்! அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. "நான் வழிமொழியறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர்கள் பட்ட சந்தோஷத்தை நீ பார்க்க வேண்டும். "பெரிய மனசு, மிஸ்டர் ஹார்பாட்டில்!" என்று ராட்க்ளிஃப் எழுந்தே நின்றுவிட்டார். டாட்ஸ் எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தார், நான் வெளியே வந்ததும் காற்று உள்ளே போகாதபடி நன்றாகச் சாத்தினார். "மழைல சறுக்கும், பாத்து நில்லுங்க" என்று உள்ளிருந்து மிஸஸ் பிரிங்கிள் சொன்னது காதில் விழுந்தது. நின்றேன். கொஞ்ச தூரத்தில் பாறைமேல் ஒரு கடல்நாய் படுத்துக்கொண்டு, இந்த ஆள் ஏன் இப்படி நிற்கிறான் என்று என்னையே பார்த்தது. புகைபோக்கி வழியாக என் ஆக்னஸின் புத்தகம் போய்க்கொண்டிருந்தது. உன்னிடம் மறைப்பானேன், நன்றாக அழுதேன். கொட்டுகிற மழையில் யாருக்குத் தெரியப்போகிறது என்கிற தைரியம்தான்.

உள்ளே விவாதம் தொடர்ந்தது, சுவர் பலகைதானே, எல்லாம் கேட்டது. நாவலாசிரியர் மிகைப்படுத்திவிட்டார் என்பது அவர்கள் முடிவு. அந்தக் கப்பல் ஆட்களுக்கு மட்டும் ஒரு தலைவரும் செயலாளரும் இருந்திருந்தால் ஒரு அசம்பாவிதமும் நடந்திருக்காதாம். இதையும் தீர்மானமாக வைத்தார்கள். சன்னல் திறந்தது. மிஸஸ் பிரிங்கிள் தலையை நீட்டி, "தொந்தரவுக்கு மன்னிக்கணும் மிஸ்டர் ஹார்பாட்டில், உங்க ஓட்டு?" என்றார். கையைத் தூக்கினேன். சட்டைக் கைக்குள்ளிருந்து தண்ணீர் அக்குள் வரைக்கும் ஓடியது. "ஏகமனதா நிறைவேறிச்சு" என்ற குரல் கேட்டது, சன்னல் சாத்தப்பட்டது. கடல் வற்றியதும் எல்லோரும் நடந்து திரும்பினோம். கரையில் ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு அருமையான மதியம் வாய்த்ததே இல்லை என்றார்கள். பொய் சொல்லவில்லை, மனதார அப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. ஈட்டியோடு வந்திருந்தால் ஓடியாவது இருப்பேன்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன் அக்கா. இவர்களோடு இனி ஒரு டீ கிடையாது. அந்த அறையை ஒழித்து வை. தூண்டில் சாமான்கள் இருந்தாலும் பரவாயில்லை, அவற்றோடு படுத்துக்கொள்கிறேன். அத்தான் முணுமுணுப்பார், நீ சமாளித்துக்கொள். பதிலை உடனே போடு.

அத்தானுக்கு என் மரியாதை, பிள்ளைகளுக்கு என் ஆசி, உனக்கு மாறாத அன்பு.

உன் தம்பி,
க்ளெமென்ட் ஹார்பாட்டில்

பின்குறிப்பு: அறையை ஒழிக்க வேண்டாம். இதைத் தபாலில் போடக் கிளம்பியபோது பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் சாமான் வண்டி நிற்பதைப் பார்த்தேன். மிஸ்டர் ஹெஸ்கத் என்று ஒருவர், ஓய்வுபெற்ற பல் டாக்டர், வடக்கேயிருந்து குடிவந்திருக்கிறார். வசந்தகாலத்தில்தான் மனைவி தவறினாராம். ஊரில் ஒருத்தரையும் தெரியாதாம், பாவம், மேஜை விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. நானே உள்ளே போய் விளக்கை வாங்கி வைத்துவிட்டு, "எங்க வட்டத்துக்கு வாங்க டாக்டர், எல்லாரும் தங்கமான மனுஷங்க" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வரும் வியாழக்கிழமை சேர்கிறார். ராட்க்ளிஃபிடம் சொன்னேன், ரொம்ப சந்தோஷப்பட்டார். அடுத்த மாதமும் ஆட்டுத் தீவிலேயே கூடலாம் என்று முன்மொழிந்திருக்கிறேன். டாக்டர் குளிர் தாங்குவாரா என்று மட்டும் பேச்சோடு பேச்சாகக் கேட்டு வைத்தேன். ஓரளவு தாங்குவாராம்.