கூழ் குடித்த கார்

கண்டமனூருக்கு இன்னும் மூன்று மைல் இருக்கும்போது காரின் மூஞ்சியிலிருந்து ஆவி கிளம்பியது.

"ஏப்பா, வண்டி சுருட்டுக் குடிக்குது" என்றார் முன்சீட்டில் இருந்த ராக்கையா.

முத்துக்கருப்பன் வண்டியை ஓரம் கட்டினான். மணி மூன்றரை. அன்று ஜில்லா போர்டு தேர்தல். கண்டமனூர் ஓட்டுச் சாவடியை ஐந்துக்கு மூடிவிடுவார்கள். கடமலைக்குண்டிலிருந்து ஆறு ஓட்டுக்காரர்களை ஏற்றி வந்திருந்தான். அவனுடைய முதலாளி, தேனி பஜார் வியாபாரி வைகுண்டராஜ், தேர்தலில் நிற்கிறார். காலையில் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "ஆறு ஓட்டும் என் பெட்டியில விழணும். விழலைன்னா நாளைக்கு நீ பழையபடி கமலை இறைக்கப் போயிரு."

கமலை இறைத்தவனுக்குத்தான் அந்தப் பேச்சின் கனம் தெரியும். கிணற்றுமேட்டில் மாட்டோடு முன்னும் பின்னுமாக நடந்து, ஒரே நாற்பது அடிக்குள் ஆயுசைக் கழிக்கும் வேலை. அவன் ஸ்டியரிங் பிடித்து ஆறு மாதம்தான் ஆகிறது. உள்ளங்கைக் காய்ப்பு இன்னும் உதிரவில்லை.

அப்போதெல்லாம் அந்தப் பக்கம் ஒரு கார் வந்தால், களை எடுப்பவர்கள் நிமிர்ந்து புழுதி அடங்கும்வரை பார்ப்பார்கள். பெட்ரோல் வாசனையை மூக்கை விரித்து இழுத்துக்கொள்வார்கள். காரில் ஏறி இறங்கியவன் அதை வைத்தே ஒரு வருசம் பேசலாம். இந்த ஆறு பேரும் பெட்டிக்குள் கிடந்த நல்ல துணியை எடுத்து உடுத்தி வந்திருந்தார்கள். ராக்கையா வழிநெடுக ஹாரனின் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே வந்தார், ஆடு மாடு இல்லாத இடத்திலும்.

முத்துக்கருப்பன் ரேடியேட்டர் மூடியை வெறுங்கையால் திறந்தான். கொதிநீர் பீச்சியடித்தது. கையை உதறிக்கொண்டு குதித்தான்.

"கொதிக்கிற உலைமூடியத் துணியில்லாமத் தொடுவாகளா?" என்றாள் பின்சீட்டுச் சங்கிலியம்மாள். "ஒன்னைய நம்பி வந்தோமே."

ரோட்டை ஒட்டி ஓடிய ஆற்றுக்குப் போய் ஒரு தூக்குவாளித் தண்ணீர் மொண்டு வந்து, சூடு ஆறுமுன் ஊற்றினான். உள்ளே 'டப்' என்றது. அடியில் தண்ணீர் ஒழுகத் தொடங்கியது.

"விரிசல் விட்ருச்சு" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

"இதுக்கா கலங்குற?" என்றாள் சங்கிலியம்மாள். "புதுப்பானை ஒழுகுனா என்ன செய்வோம்? கூழக் காச்சி ஊத்துனா ஓட்டையெல்லாம் அடைச்சுக்கிரும்."

"அது பானை ஆத்தா. இது ரேடியேட்டர்."

"ரெண்டுலயும் தண்ணிதான கொதிக்குது?"

கண்டமனூரில் இருந்த மகள் வீட்டுக்குக் கொண்டு போன கேப்பை மாவில் அவள் நாலு கை அள்ளி, வாளியில் மிஞ்சிய தண்ணீரில் கரைத்து ஊற்றினாள். ஒழுக்கு நின்றது.

"பாத்தியா, ஒங்க மெக்கானிக்கெல்லாம் எதுக்கு?"

கார் அரை மைல் பிரமாதமாக ஓடியது. பிறகு மூடி எகிறிக் கூழ் பொங்கியது. கண்ணாடி முழுக்கக் கூழ். ராக்கையாவின் மீசையிலும் கூழ். அவர் நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்தார்.

"உப்புப் பத்தலை."

இஞ்சின் நின்றுபோனது. பக்கத்துக் காட்டில் உழுதுகொண்டிருந்த கர்ணனைக் கெஞ்சி, அவன் காளைகளைக் கயிற்றால் காரின் முன் பம்பரில் பூட்டினார்கள். காளைகள் நாலு எட்டு வைத்தன. கூழ் வாசனை மூக்கில் ஏறியதும் அப்படியே திரும்பி, காரின் மூஞ்சியை நக்கின. நாக்கு சுட்டதும் மிரண்டு சோளக்காட்டுக்குள் பாய்ந்தன. கயிறு போனது. கயிற்றோடு பம்பரும் போனது.

"என் மாட்டுக்கு ஒண்ணு ஆச்சு, ஒங்களையெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்று கத்திக்கொண்டே கர்ணன் பின்னால் ஓடினான்.

மிச்சம் ஒரே வழிதான். எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள்.

"கார்ல வந்தோம்னு ஊர்ல சொன்னா, கார் ஒங்களக் கொண்டாந்துச்சா, நீங்க காரக் கொண்டாந்தீகளான்னு கேப்பாகளே" என்றார் ராக்கையா, மூச்சு வாங்கிக்கொண்டு.

"நீங்க ஹாரன விட்டுட்டுத் தள்ளுங்க மாமா" என்றான் முத்துக்கருப்பன்.

கண்டமனூர் வந்து சேர்ந்தபோது மணி ஐந்தே முக்கால். பெட்டிகளுக்கு அரக்கு வைத்து முடித்திருந்தார்கள். முத்துக்கருப்பன் சாவடிச் சுவரில் சாய்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மத்தியானம் மெக்கானிக்கோடு வைகுண்டராஜ் வந்தார். கழுத்தில் மாலை. சங்கிலியம்மாளின் மகள் வீட்டில் தங்கியிருந்த ஆறு பேரும் காரைச் சுற்றி நின்றார்கள். ரேடியேட்டருக்குள் கூழ் களியாக இறுகிக் கிடந்தது.

"நாலே ஓட்டுலடா ஜெயிச்சேன்" என்றார் வைகுண்டராஜ். "உசுரு போயி உசுரு வந்துச்சு. இந்த ஆறும் விழுந்திருந்தா, பத்து ஓட்டுல ஜெயிச்சேன்னு மீசைய முறுக்கியிருப்பேன். சாவியக் குடு."

முத்துக்கருப்பன் தலை குனிந்தபடி சாவியை நீட்டினான்.

ராக்கையாவுக்குப் பொறுக்கவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அவன வெரட்டாதீக மொதலாளி. கார்ல ஏறிப் பாக்குற ஆசையிலதான் ஒங்களுக்குச் சரின்னோம்; ஓட்டு எதிராளிக்குன்னு நாங்க ஆறு பேரும் முந்தாநாளே சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டோம்."