மேகம் ஏன் சொறிகிறது

அன்புள்ள குமரேசன் சித்தப்பாவுக்கு,

இல்லை, தெள்ளுப்பூச்சி இல்லை. சித்தியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், மலை நலம். என் பூனை மேகம் மட்டும் சொறிந்துகொண்டே இருந்தது.

முப்பது வருடம் கால்நடை மருந்தகத்தில் மாடுகளுக்கு ஊசி போட்டவர் நீங்கள். பூனையைப் பார்க்காமலே, போனிலேயே, தெள்ளுப்பூச்சி என்றீர்கள். நான் பார்த்துத்தான் நம்புவேன். வெள்ளைத் துணி விரித்துச் சீவச் சொன்னீர்கள். துவைத்து வைத்திருந்தது கறுப்புத் துப்பட்டா ஒன்றுதான். சீவினேன். ஒரு பூச்சியும் கண்ணில் படவில்லை. விழுந்தது வெண்பொடி. கறுப்பின் மேல் மெல்லிய பனி. மலையிலிருந்து காற்றில் வந்ததோ, மேகத்தின் தூக்கம்தான் உதிர்கிறதோ என்று அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சோப்பு போட்டுக் குளிப்பாட்டினேன். மறுநாள் இன்னும் அதிகமாகச் சொறிந்தது.

கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்கார அம்மா பச்சையம்மாள் படியேறி வந்தார்.

"பௌர்ணமிக்குக் கிரிவலம் வர்றவங்களுக்குப் பக்கத்து ரூம விட்டிருக்கேன். இது சொறியறதப் பாத்தா அவங்களும் சொறிவாங்க. அதுக்குள்ள நிக்கலன்னா பூனைக்கு வேற எடம் பாத்துடும்மா."

"அப்போ நான்?"

"நீ எங்க சொறியற? நீ இரு."

பௌர்ணமிக்கு ஐந்து நாள். இந்த ஊரில் மேகத்தைத் தவிர எனக்குப் பேச ஆளில்லை. அதுவும் பேசாது.

காலையில் அதன் பின்னாலேயே போனேன். மதில். தண்ணீர்த் தொட்டி. மலையின் நிழல் இன்னும் விலகாத சந்து. கடைசியில் செங்கம் ரோட்டு டீக்கடை. அங்கே அதன் பெயர் ராஜா. கடைக்காரர் கலையரசன் அதற்குப் பால் வைத்துவிட்டு, கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயைப் பிடரியில் தடவினார். "ரெண்டு வாரமாத் தடவறேங்க. பாவம், அரிக்குதுல்ல?" ராஜா கண்களை மூடி நின்றது. அங்கிருந்து திரும்பி, பின்கதவு வழியாக, பச்சையம்மாளின் சமையலறைக்குள் போனது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். கோயில் விபூதியை உள்ளங்கையில் கொட்டி, எண்ணெய் காயாத அதே பிடரியில் தேய்த்துக்கொண்டிருந்தார். "அண்ணாமலையாரே, இந்த வெள்ளச்சிக்கு அரிப்பக் கம்மி பண்ணுப்பா."

என்னைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்தார். "அதுவா வந்துச்சு. நான் கூப்பிடல."

எண்ணெய். அதன் மேல் விபூதி. அதன் மேல் என் சோப்பு. மூன்று பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வைத்தியம் பார்த்திருக்கிறோம். அரிப்புக்குக் காரணம் நாங்கள்தான். எல்லோரும் நிறுத்திவிட்டோம். நேற்று மதியம் முழுக்க மேகம் என் கண்ணெதிரில் ஒருமுறைகூடச் சொறியவில்லை. கண்ணெதிரில் இருக்கவும் இல்லை. ஆனாலும் நிம்மதியாக இருந்தது.

ஆகவே, மாடு வேறு, பூனை வேறு என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். சித்திக்கு என் அன்பு. பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தால் என் அறையிலேயே தங்குங்கள். மேகமும் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் கவிநிலா

பி.கு: உறையை ஒட்டும்போது பச்சையம்மாள் கீழே கூப்பிட்டார். முன்கை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். அவருடைய கட்டிலில், வெள்ளை விரிப்பின் நடுவே, பூனை அளவுக்கு ஒரு பள்ளம். பள்ளத்தைச் சுற்றிக் கறுப்பாகச் சில குதித்தன.

"மத்தியானம் இங்கதான் தூங்கும்," என்றார், சுவரைப் பார்த்தபடி. "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. அது எங்கயும் போவ வேணாம்."

முதல் வரியை அடித்துவிடுங்கள், சித்தப்பா. தெள்ளுப்பூச்சிதான். பூனைக்கு என்ன மருந்து என்று எழுதுங்கள்.

மெத்தையின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவர். மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் போட்டோம்.