விருதுநகர் மாவட்டத்துக் கடல்

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும். தெரியாத சிலர் தலைநகரில் இருந்தார்கள். சுற்றறிக்கை அனுப்புகிற பொறுப்பு அவர்களிடம் இருந்தது.

‘தென்மாவட்டங்கள் ஒவ்வொன்றும் தத்தம் கடற்கரை நெடுகிலும் காலை முதல் மாலை வரை அறப்பணி நெடுநடை நடத்திட வேண்டும். சிறப்புற நடந்து முடித்திடும் மாவட்டத்திற்கு நீலத்திரை அறக்கட்டளை, அம்மாவட்டத்தின் தேவையைக் கண்டறிந்து மீட்பு ஊர்தி ஒன்றை வழங்கிடும்’ என்று அதில் இருந்தது.

வேறு சமயமாக இருந்தால் வருவாய் ஆய்வாளர் நாகையா, ‘கடல் இல்லை’ என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பார். ஆனால் போன சீசனில் அவருடைய தங்கை பேச்சியம்மாள் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் மருந்து தீப்பிடித்தது. அவளை லோடு ஆட்டோவில் சாக்கு விரித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் சாத்தூர் ஆர்டர் ஒன்றை இறக்கிவிட்டுத்தான் டிரைவர் மேற்கொண்டு வண்டியை எடுத்தான். சீசன் அவனுக்கும் சீசன்தானே. அவள் உயிரோடு வந்தாள். வலது கையில் மூன்று விரல்கள் ஒட்டிக்கொண்டன. அதிலிருந்து ஆம்புலன்ஸ் என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் நாகையா நின்றுவிடுவார். மீட்பு ஊர்தி என்பதைப் படித்ததும், ஆம்புலன்ஸ்தான் என்று நின்றார்.

தாசில்தார் உக்கிரபாண்டியிடம் போனார்.

“நமக்குத்தான் கடல் இல்லையே சார். அப்படியே எழுதிட்டு, ஆம்புலன்ஸை மட்டும் கேட்டா என்ன?”

“எழுதலாம். எப்ப இருந்து இல்லைன்னு கேப்பாங்க. நீங்க இந்தப் பிர்க்காவுக்கு வந்து எத்தனை வருசம் ஆச்சு?”

“ஆறு வருசம் சார்.”

“ஆறு வருசமா இல்லாததை இப்பத்தான் எழுதுறீகளா?”

யோசித்தால், உண்மையாகவே அதை எழுதியிருக்கலாம் என்று நாகையாவுக்குத் தோன்றியது.

“தூத்துக்குடிப் பக்கம் போய் நடந்துட்டு வந்துருவமா சார்?”

“அது அவங்க மாவட்டத்துக் கடல். நாம நடந்தாலும் அவங்க கணக்குலதான் சேரும். ஆம்புலன்ஸ் வேணும்னா நம்ம கடல்ல நடக்கணும். ஏற்பாடு பண்ணுங்க.”

திருத்தங்கலில் கதிரவனின் அச்சகம் இருந்தது. காலண்டர், பட்டாசு லேபிள், ஃப்ளெக்ஸ் எல்லாம் அங்கே அடிப்பார்கள். நாகையா விஷயத்தைச் சொன்னபோது கதிரவன் மிஷினிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

“கடல்தானே அண்ணாச்சி? நீளம் எம்புட்டு வேணும்?”

“காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நடக்கணும்.”

“அப்பப் பெரிய கடலு. அலை எப்படி?”

“நடுத்தரமா இருக்கட்டும்.”

“சூரியன் உதிக்கிறதா, மறையிறதா?”

நாகையா திகைத்தார்.

“சரி, மொதப் பாதில உதிக்கட்டும். கடைசிப் பாதில மறையட்டும்” என்றார் கதிரவன். “நடுவுல உச்சி வெயிலை நான் அடிக்க வேண்டியதில்லை. அது தானா வந்துரும்.”

நெடுநடை அன்று காலையில், சாத்தூர் போகும் சாலையின் இடது பக்கம் முழுக்கச் சவுக்குக் கம்புகளில் கடல் கட்டப்பட்டிருந்தது. நல்ல கடல். ஆனால் ஒவ்வொரு துண்டின் அடியிலும் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘பெரியவர்கள் மேற்பார்வையில் பயன்படுத்தவும். பற்ற வைத்ததும் தள்ளி நிற்கவும்.’ கதிரவன் அச்சகத்தில் எது அடித்தாலும் அந்த வரி ஓரத்தில் வந்துவிடும். அத்தனை வருஷப் பழக்கம். ஒரு கல்யாணப் பத்திரிகையில்கூட வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை.

உக்கிரபாண்டி அதை இரண்டு தடவை படித்தார்.

“தப்பா வந்திருச்சு சார். வெட்டி எடுக்கச் சொல்லவா?” என்றார் நாகையா.

“அச்சுல வந்தது எப்படித் தப்பாகும்? மீறி நடந்து ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?”

ஆகவே கடலை மேற்பார்வையிட ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர் ஒருவர் பெரியவராக நியமிக்கப்பட்டு, நாற்காலியில் அமர்த்தப்பட்டார். தீயணைப்பு வண்டி கடலைப் பார்த்து நிறுத்தப்பட்டது. தள்ளி நிற்க வேண்டும் என்பதால் எல்லாரும் நடுச்சாலையில் நடந்தார்கள். நடுச்சாலையில் நடந்ததால் பஸ்கள் நிறுத்தப்பட்டன. பஸ் நின்றதால் அதிலிருந்த பயணிகளும் வேறு வழியில்லாமல் நடந்தார்கள். இவ்வாறாகப் பொதுமக்கள் பெருந்திரளாகக் கலந்துகொண்டார்கள்.

அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர் பிரீத்தி நீலப் பனியனில் முன்னால் போனாள். கையில் காலடியை எண்ணும் கடிகாரம், இடுப்பில் சியா விதை ஊறிய தண்ணீர். கடல் ஃப்ளெக்ஸ் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. நடையை நடத்துவதுதான் அவள் வேலை. கடலை ஆராய்வது வேறொரு பிரிவு.

“கடல் காத்தே தனிதான், இல்ல சார்? ஸ்ட்ரெஸ் எல்லாம் போயிடுது” என்றாள்.

காற்றில் பட்டாசு மருந்து நெடி வந்தது. நாகையா ஆமாம் என்றார். “மேடம், ஆம்புலன்ஸ்ல தீக்காயத்துக்கு உள்ள வசதி...”

“நீங்க அனுபவிச்சு நடங்க சார். உங்க தேவையை நாங்களே கண்டுபிடிப்போம்.”

வெயில் ஏறியது. வழியில் ஒரு வேப்பமரம் நல்ல நிழலோடு நின்றது. கடற்கரையில் வேப்பமரம் இருந்தால் போட்டோவில் உறுத்தும் என்பதால், எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டு வெயிலில் போனார்கள். மயங்கி விழுந்தவர்கள், கடலில் தத்தளித்து மீட்கப்பட்டவர்களாகக் குறித்துக்கொள்ளப்பட்டார்கள்.

கம்பெனி ஆட்களோடு பேச்சியம்மாளும் நடந்து வந்தாள். படம் எடுப்பதற்காக அலைக்கு முன்னால் நின்றவள், ஒட்டிய விரல்களால் சேலையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கிக்கொண்டாள்.

“எதுக்கு பேச்சி சேலையைத் தூக்குற?”

“நனைஞ்சிரும்ல அண்ணே.”

சிரிப்பதா என்று நாகையாவுக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்தார். காலையிலிருந்து அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் நடந்திருக்கிறார்.

நெடுநடை மாபெரும் வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. அந்தச் சாலையோரத்து மானாவாரி நிலம் ‘கடல் பார்த்த மனை’ ஆயிற்று. பிறகு ஒருநாள் டிராக்டர் இழுக்க, நீலத்துணி போர்த்திய ஊர்தி வந்து இறங்கியது. நாகையா தன் கையால் துணியை விலக்கினார். படகு.

பிரீத்தி போனில் உற்சாகமாக இருந்தாள். “போட்டோவைப் பார்த்து எங்க கமிட்டியே அதிர்ந்து போச்சு சார். ரோட்டை ஒட்டி இவ்வளவு பெரிய கடல், எத்தனையோ பேர் தத்தளிச்சிருக்காங்க, ஒரு படகுகூட இல்ல. எப்படித்தான் இத்தனை நாள் இருந்தீங்க?”

நாகையா தாசில்தாரிடம் ஓடினார். “சார், கடல் இல்லைன்னு இப்பவாவது எழுதிருவமா?”

“கடலோரம் நடந்தோம்னு கையெழுத்துப் போட்டது யாரு?”

“நான்தான் சார்.”

“அப்பக் கடல் எங்க போச்சுன்னு உங்களைத்தான் கேப்பாங்க.”

படகு சக்கரம் வைத்த வண்டியோடு நாகையாவின் அலுவலகத்து முன்னால் நின்றது. அதில் சைரன் இருந்தது, நீல விளக்கு இருந்தது, படுக்க வைக்க நீளமான பலகையும் இருந்தது.

சீசன் சூடுபிடித்த ஒரு பகலில் கம்பெனியில் மறுபடி தீப்பிடித்தது. முனியராஜ் என்ற தொழிலாளிக்கு முதுகு வெந்துவிட்டது. லோடு ஆட்டோ லோடுக்குப் போயிருந்தது. ஆட்கள் அவனைத் தூக்கிக்கொண்டு நாகையாவின் அலுவலகத்துக்கு ஓடிவந்தார்கள்; அங்கே படகுதான் இருந்தது.

“ஏலே, என்னத்தைப் பாத்துக்கிட்டு நிக்கீக? டிராக்டரை மாட்டுங்கலே” என்று பேச்சியம்மாள் சத்தம் போட்டாள்.

முனியராஜைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். நாகையா ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சைரன் போட்டதும் சாலையே ஒதுங்கியது. லோடு ஆட்டோவுக்கு ஒதுங்காத ஊர், படகைக் கண்டதும் பதறி விலகியது. முனியராஜ் பிழைத்துக்கொண்டான்.

மறுநாள் உக்கிரபாண்டி ஒரு தாளை நீட்டினார். ‘மீட்புப் படகு தக்க தருணத்தில் சென்று ஒருவரைக் கடலிலிருந்து காப்பாற்றியது’ என்று அடித்திருந்தது.

“முதுகு வெந்தவனைக் கடல்லே இருந்து எப்படி சார்...”

“பொய்யுன்னு எழுதுங்க. படகை எடுத்துட்டுப் போயிருவாங்க. அப்புறம் லோடு ஆட்டோதான். நாகையா, அவன் பிழைச்சானா இல்லையா?”

பிழைத்தான். அது பொய்யில்லை. நாகையா கையெழுத்துப் போட்டார்.

படகு சிறப்பாகப் பணியாற்றி வருவதால் இம்மாவட்டத்துக்கு ஆம்புலன்ஸ் அவசியமில்லை என்று அறக்கட்டளையிலிருந்து பதில் வந்தது. பாராட்டாக இன்னொரு படகும் வந்தது. இது பெரியது. கம்பெனி வாசலிலேயே நிறுத்தினார்கள். தொழிலாளிகள் ஏறி ஏறிப் பார்த்தார்கள்.

“நல்லா விசாலமா இருக்குண்ணே” என்றாள் பேச்சியம்மாள். “எங்க ரூம்ல வேலை பாக்குற அம்புட்டுப் பேரும் ஒரே தடவையில போயிறலாம்.”

மற்றவர்களும் தலையாட்டி, அவரவர் இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டார்கள். ஓரத்து இடத்துக்குக் கொஞ்சம் போட்டி இருந்தது. சங்கு ஊதியதும் இறங்கி வேலைக்குப் போனார்கள்.