கவிழ்ப்பானும் பின்னறையும்

பல் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் விஞ்ஞானிக்கு அந்த வீர முடிவு உதித்தது. பின்னறையைக் கைப்பற்றியே தீருவது. உடனே போய் மனைவியிடம் முழங்க வேண்டும் என்று துடித்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் வீரம் சற்றுக் காத்திருக்க நேர்ந்தது. கொப்பளித்து முடிப்பதற்குள் பாதி வடிந்துவிட்டது. மிச்சமிருந்த பாதியோடு கூடத்துக்கு வந்தார்.

விஞ்ஞானி என்பது குடியிருப்புக்காரர்கள் வைத்த பெயர். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று அவர் பிரித்துப் பார்த்ததில்லை. மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டார். பகலில் அவர் இன்சூரன்ஸ் ஆபீஸில் விபத்துப் பிரிவு எழுத்தர். கவிழ்ந்த லாரி, கவிழ்ந்த வேன், கவிழ்ந்த டிராக்டர் என்று காலையிலிருந்து மாலை வரை போட்டோ பார்ப்பதே உத்தியோகம். ஆயுசு முழுக்க மற்றவர்கள் கவிழ்த்ததையே பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு, நாமும் ஒன்றைக் கவிழ்த்தால் என்ன என்று ஆசை வந்ததில் தப்பே இல்லை. அதுவரை அவர் சொந்தமாகக் கவிழ்த்தது ஒரே ஒரு காபிக் கோப்பை. அதுவும் மேனேஜர் மடியில்.

அந்த ஆசையில் பிறந்ததுதான் கவிழ்ப்பான். முழங்கால் உயரம்கூட இல்லாத சண்டை ரோபோ. பழைய காரிலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டார்கள் அதன் சக்கரங்களை ஓட்டும். முன்னால் தரையை உரசிக்கொண்டு சரிவாக ஓர் இரும்புத் தகடு. எதிரியின் அடியில் தகடு நுழைந்ததும் ரிமோட்டில் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். சிலிண்டரில் அடைத்த காற்று புஸ்ஸென்று பீறிட்டுத் தகட்டைத் தூக்கியடிக்கும். எதிரி மல்லாந்து விழும். அடுத்த மாதம் நகரத்தில் நடக்கும் ரோபோ சண்டைப் போட்டிக்குப் பேர்கூடக் கொடுத்துவிட்டார்.

இத்தனையும் உருவானது சாப்பாட்டு மேசையில். மேசை பட்டறையானதும் புருஷனும் பெண்டாட்டியும் சோபாவுக்குக் குடிபெயர்ந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். சோதனைக் காலத்தில் கவிழ்ப்பான் செருப்பு ஸ்டாண்டைக் கவிழ்த்தது. முக்காலியைக் கவிழ்த்தது. குப்பைக்கூடையை எப்போதும் நிறைந்திருக்கும் நேரம் பார்த்துக் கவிழ்த்தது. அது தூக்கியடித்த ஒரு தலையணை, மின்விசிறி மேல் ஏறி உட்கார்ந்து இறங்க மாட்டேன் என்றது.

மனைவி பிசியோதெரபிஸ்ட். மாடிப்படியில் சறுக்கியவர், இடுப்பெலும்பு முறிந்தவர், பக்கவாதம் வந்தவர் என்று வீடு வீடாகப் போய், உட்கார, எழுந்திருக்க, நடக்கப் பழக்குவாள். தோளில் ஒரு கனமான பை, இரண்டு பஸ், மூன்று மாடி. பின்னறையில் ஒரு கட்டிலைப் போட்டு, சுவரில் கைப்பிடிக் கம்பியைப் பதித்துவிட்டால் வருகிறவர்கள் இங்கேயே வரட்டும் என்பது அவளுடைய நெடுநாள் எண்ணம். ஆக, அறை ஒன்று, கண் நான்கு.

"இங்க பாரு, பின்னறை எனக்கு வேணும்" என்றார் விஞ்ஞானி.

"எனக்கும்தாங்க வேணும்."

"நான் முதல்ல கேட்டேன்."

"நான் முதல்ல கூட்டினேன்."

"கவிழ்ப்பானுக்குன்னு ஒரு இடம் வேணாமா?"

"நமக்குன்னு ஒரு மேசை வேணாமா? நேத்து ரசம்னு நினைச்சு உங்க மெஷின் ஆயிலை ஊத்திக்கப் பார்த்தேன்."

விஞ்ஞானி நெஞ்சை நிமிர்த்தினார். "சரி, பந்தயம்! நீயும் ஒண்ணு செஞ்சு கொண்டா. ஞாயித்துக்கிழமை சண்டை. ஜெயிச்சவங்களுக்கு அறை."

"எனக்கு மெஷின் எல்லாம் செய்யத் தெரியாதுங்களே."

கல்யாணமான நாளிலிருந்து அவள் 'தெரியாதுங்களே' என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் விஞ்ஞானி எதையாவது பறிகொடுத்திருக்கிறார். அது அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. மாறாக, இரக்கம் வந்தது.

"ஓடவே வேணாம்மா. அடிக்கவும் வேணாம். சும்மா நடு ஹால்ல நிக்கட்டும். கவிழ்ப்பானுக்குக் காத்து தீர்ற வரைக்கும் அது நின்னுட்டா அறை உனக்கு."

"நடுவுல விழுந்து, எழுந்துட்டா?"

விஞ்ஞானி வாய்விட்டுச் சிரித்தார். "எழுந்துட்டா நின்ன கணக்குலயே வச்சுக்க! என் சர்வீஸ்ல எத்தனை லாரி பார்த்திருக்கேன்? கவிழ்ந்த லாரி ஒண்ணாவது தானா எழுந்து வீட்டுக்குப் போயிருக்கா?"

"லாரி போகாதுங்க" என்று அவள் ஒத்துக்கொண்டாள்.

அந்த வாரம் வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. மனைவி கவிழ்ப்பானைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தாள். துணி மடித்துக்கொண்டே கேட்பாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பாள்.

"ஏங்க, ஒரு சிலிண்டர் காத்து எத்தனை தூக்கலுக்கு வரும்?"

"பத்துப் பன்னண்டு."

"அப்புறம்?"

"அப்புறம் எதுக்கு? ஒண்ணே போதும்."

"எவ்வளவு உயரம் தூக்கும்?"

"இடுப்பு உயரம்."

"அம்மாடி!" என்றாள்.

அந்த 'அம்மாடி'யில் விஞ்ஞானி கரைந்து போனார். இத்தனை வருஷத்தில் அவர் தொழில்நுட்பத்தைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் இல்லை. பாவம், தோற்றுவிட்டால் வருத்தப்படுவாளே என்று ராத்திரி படுத்தபடி கவலைகூடப் பட்டார். பின்னறையில் அவள் தையல் மிஷினுக்கு ஜன்னலோரமாக ஒரு மூலையை ஒதுக்கித் தரலாம் என்று பெருந்தன்மையாக முடிவு செய்த பிறகுதான் தூக்கம் வந்தது.

போட்டி விதிப்படி கவிழ்ப்பான் எடை கூடியிருந்தது. அடியில் பூட்டியிருந்த தடித்த இரும்புப் பலகையைக் கழற்றி வாசலோரம் சாய்த்து வைத்தார்.

"இது வேணாமாங்க?"

"கனம்தானே நமக்கு எதிரி. தூக்கிக் குப்பையில போடு."

அவள் தூக்கினாள். குப்பைக்குத்தான் போகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டு ரெஃப்ரி நடுவராக வந்தார். கால்பந்து மைதானத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷமாகியும் விசிலை ஓய்வு பெற விடாதவர். லிஃப்டில் யாராவது முண்டியடித்தால்கூட ஊதிவிடுவார். சோபாக்கள் சுவரோரம் ஒதுங்கின. தலையணைகள் எல்லைக்கோடாயின. கவிழ்ப்பான் ஒரு பக்கம் உறுமிக்கொண்டு நின்றது.

"மேடம், உங்களோடது?" என்றார் ரெஃப்ரி.

அவள் துண்டு மூடிய ஒரு பொருளைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். துண்டை எடுத்தாள். கைப்பிடிகளை அறுத்தெடுத்த பழைய இரும்பு வாணலி. அதன்மேல் கவிழ்த்து வைத்த லேசான பிளாஸ்டிக் கிண்ணம். இரண்டும் பிரியாமல் சுற்றிலும் சுளுக்குக்குப் போடும் கிரேப் பேண்டேஜ். அவ்வளவுதான். தரையில் வைத்ததும் இப்படியும் அப்படியும் ஒருமுறை ஆடி நின்றது.

விஞ்ஞானி கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பேரு என்னம்மா?"

"பேரெல்லாம் எதுக்குங்க, பாவம். உடம்பு சரியில்லாத மாதிரி கட்டுப் போட்டுட்டு வந்திருக்கு."

விசில் ஒலித்தது. கவிழ்ப்பான் பாய்ந்தது. வாணலியின் அடி உருண்டையாக இருந்ததால் தகடு வெண்ணெயில் கத்தி மாதிரி நுழைந்தது. புஸ்ஸ்! வாணலி இடுப்பு உயரம் எழும்பியது. காற்றில் புரண்டது. கிண்ணம் கீழே, வாணலி மேலே என்று தலைகீழாக விழுந்தது.

"முடிஞ்சுது!" என்று விஞ்ஞானி கையைத் தூக்கினார்.

முடியவில்லை. தலைகீழாக விழுந்தது ஒரு கணம் யோசித்தது. பக்கவாட்டில் சாய்ந்தது. உருண்டது. வாணலி கீழே வந்தது. நாலு ஆட்டம் ஆடி, பழையபடி நின்றுவிட்டது.

"எழுந்துட்டாங்க" என்றார் ரெஃப்ரி.

"அது தற்செயல்!" புஸ்ஸ்!

மறுபடி பறந்தது, விழுந்தது. உருண்டு, ஆடி, நின்றது.

மனைவி சோபா நுனியில் உட்கார்ந்து, தொழில் பழக்கத்தில் அதற்குத் தைரியம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "அவசரமே இல்ல... மெதுவா... ஒரு பக்கமா சாஞ்சுக்குங்க... ஆங், அப்படித்தான்... இப்ப நிமிருங்க... ரொம்ப நல்லா செய்றீங்க."

"நீ பேசக் கூடாது!" என்று கத்தினார் விஞ்ஞானி. "ரெஃப்ரி, இது ஃபவுல்!"

"வாணலியை உற்சாகப்படுத்தக் கூடாதுன்னு விதி இல்ல சார்."

விஞ்ஞானி பக்கவாட்டில் தாக்கினார். பின்னால் போய்த் தாக்கினார். சுவரோடு அணைத்து வைத்துத் தாக்கினார். அது ஒவ்வொரு தடவையும் சாவகாசமாக எழுந்தது. ஒவ்வொரு தடவையும் அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. காற்று குறையக் குறையத் தூக்கல் முழங்கால் உயரமானது. பிறகு கணுக்கால் உயரமானது. கடைசியில் சிவப்புப் பொத்தானை அவர் இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினார். கவிழ்ப்பான் பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் போட்டு, வாணலியைத் தாலாட்டிவிட்டு அடங்கியது.

நீளமாக ஒரு விசில். "அறை மேடத்துக்கு!" ரெஃப்ரி கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

விஞ்ஞானி தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து பேண்டேஜைப் பிரித்தார். கிண்ணத்தைத் தூக்கினார். வாணலிக்குள்ளே, அடிப்பாகத்தில், நட்டுப் போட்டு இறுக்கிய இரும்புப் பலகை. அவரே கழற்றி எறிந்த பலகை. கனமெல்லாம் அடியில் இருந்தால் எப்படித் தள்ளினாலும் அது எழாமல் என்ன செய்யும்? இது தனக்குத் தோன்றவில்லையே என்று நிஜமாகவே துக்கப்பட்டார். அறை போனதைவிட அதுதான் வலித்தது.

"உனக்கு எப்படிம்மா இது தோணுச்சு?"

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "விழுந்ததைப் போட்டோவுல பார்த்ததோட உங்க வேலை முடிஞ்சிடுது. அதுக்கப்புறம்தாங்க என் வேலை ஆரம்பம்."

விஞ்ஞானியின் மனசு கொஞ்சம் லேசானது. போகட்டும், நேர்மையான சண்டையில்தானே தோற்றோம். நாம் கூப்பிட்ட பந்தயம், நாம் போட்ட விதி. ஆம்பளையாக ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். அவர் இந்த முடிவுக்கு வந்து சேர்ந்தபோது வாசல் மணி அடித்தது.

மனைவி கதவைத் திறந்தாள். வாக்கரைப் பிடித்தபடி வாட்டசாட்டமான ஒரு பெரியவர் நின்றார்.

"வணக்கம் மேடம். பின்னறைக்குத்தானே வரணும்?"

விஞ்ஞானி தரையிலிருந்தே தலையைத் தூக்கினார். "பின்னறைன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"மேடம்தான். இந்த ஞாயித்துக்கிழமையிலேருந்து வீடு தேடி வர மாட்டேன், நீங்களே பின்னறைக்கு வந்துடுங்கன்னு சொல்லிட்டாங்களே."

"எப்ப சொன்னா?"

"போன மாசமே."

பந்தயம் கட்டியது போன வாரம். விஞ்ஞானி மனைவியைப் பார்த்தார். மனைவி மின்விசிறியில் இருந்த தலையணையைப் பார்த்தாள். இதை நின்றுகொண்டு கேட்டே ஆக வேண்டும் என்று அவர் ஒரு கையைத் தரையில் ஊன்றினார். வாரம் முழுக்கக் குனிந்து வேலை செய்த இடுப்பு ஒத்துழைக்க மறுத்தது. சோபாவைப் பிடித்துப் பார்த்தார். சோபா அவரோடு நகர்ந்து வந்தது. மறுபடி தொப்பென்று உட்கார்ந்தார்.

வந்தவர் அவரைக் கனிவோடு பார்த்துவிட்டு, வாக்கரை ஓரமாக நிறுத்தி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல மேடம். முன்னாடி வந்த பேஷன்டை முதல்ல எழுப்பி விடுங்க."