சுருட்டைக்கு நான் உபதேசித்த மந்திரம்

பதினாறு வயதில் ஒரு பாடகர்மேல் பைத்தியமான பெண்ணுக்கு ஐம்பது வயதிலும் புத்தி வராது. வந்தாலும், அவர் மேடையேறியதும் அது எழும்பிப் போய்விடும். இதற்கு நானே சாட்சி.

யாழ்ப்பாணத்தில் இருந்து லண்டனுக்கு, பிளேஸ்டோவில் இருந்த சித்தப்பா வீட்டில் வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ‘எஸ்’, ‘நோ’ இரண்டும்தான். அதிலும் எதை எங்கே சொல்வது என்ற குழப்பம் இருந்தது. மிச்சத்தைக் கற்பித்தது குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த ரேடியோவும், அதில் நாள் முழுக்க அழுதுகொண்டிருந்த ஒரு பிரிட்டிஷ் பாப் குழுவும். குழுவின் பெயரைச் சொல்ல மாட்டேன். (சொன்னால் என் மகள் அபி என்னோடு ஒரே பஸ்சில் ஏறமாட்டாள்.) அதன் பாடகருக்குத் தலை நிறையச் சுருள்முடி. அவர் பெயர் சித்தியின் வாயில் நுழையாததால் எங்கள் வீட்டில் அவருக்குச் சுருட்டை என்று பெயர்.

“உந்தச் சுருட்டையின்ரை சத்தத்தைக் குறையடி, பருப்பு அடிப்பிடிக்குது!” என்பார் சித்தி. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பாட்டில் படித்த இங்கிலீஷில் ஒன்றையும் சாதாரணமாகக் கேட்க வராது. கூரை ஒழுகுகிறது, வீடு தந்த கவுன்சிலுக்குப் போன் பண்ணு என்றார் சித்தப்பா. கூரைக்கு இங்கிலீஷ் தெரியாததால், “இந்த மழையில் என்னைத் தனியே தவிக்க விடாதே, இன்றிரவே வா” என்று சுருட்டையின் வரியை அப்படியே ஒப்புவித்தேன். மறுமுனையில் இருந்த மனிதர் மிகவும் மரியாதையாக விலாசம் கேட்டார். (கூரை அந்த வாரமே திருத்தப்பட்டது.) நெஞ்செரிச்சலுக்கு டொக்டரிடம் போய், “நீ மூட்டிய தீ என் நெஞ்சில் எரிகிறது” என்றேன். அந்தப் பாவம் காது மடல் சிவக்க மருந்து எழுதித் தந்தார்.

இந்தக் காலத்துப் பாடகர்கள் வேறு ரகம். அபியின் அறையில் இருந்து கேட்கும் பாட்டெல்லாம், மூக்கடைத்துத் தடிமன் பிடித்தவர் போர்வைக்குள் கிடந்து போன் கதைப்பது போலவே இருக்கும். எங்கள் ஆள் அப்படியா? கொட்டுகிற மழையில் நின்று, சட்டைப் பொத்தான் கழன்று விழ, தொண்டை கிழிய அழுவார்! பழைய வீடியோவை அபிக்குக் காட்டினேன். முழுவதையும் பார்த்துவிட்டு, “ஹி நீட்ஸ் எ குடை, அம்மா” என்றாள்.

அதே அபிதான் போன வருஷம் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தாள். ஸ்ட்ரெதமில் ஒரு சின்ன மண்டபத்தில் சுருட்டை பாடுகிறாராம். முடிந்ததும் வரிசையில் நின்றால் கையெழுத்தும் போடுவாராம். அன்றிலிருந்து எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. அவரிடம் சொல்வதற்கென்று இத்தனை வருஷமாக நான் ஒரே ஒரு வசனம் வைத்திருந்தேன்: “நான் இங்கிலீஷ் பேசப் பழகியது உங்களால்தான், நன்றி.” அதைச் சொல்லாமல் செத்தால் என் கட்டை வேகாது.

அந்த நாளும் வந்தது. ஊதாப் பட்டுச்சேலை உடுத்தி, குரல் தடுமாறக்கூடாது என்று கோயிலில் அர்ச்சனை செய்து, நெற்றியில் திருநீறும் சந்தனமுமாய்ப் போனேன். ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் வீட்டில் என் கணவர் குசினிக்குப் பொறுப்பாக நின்றார். அன்றிரவு அவருடைய தமையனார் சாப்பிட வருவதாக இருந்தது. என் கணவருக்குச் சோறு சாப்பிடத் தெரியும், அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியாது.

மேடையில் வெளிச்சம் வந்தது. சுருட்டையும் வந்தார், சுருள் வரவில்லை. தலை பளபளவென்று மொட்டை. கழுத்து நிறைய உருத்திராட்சம். பேரும் புகழும் ஓய்ந்த பிறகு இந்தியாவுக்குப் போய் ஏதோ ஆசிரமத்தில் இருந்தாராம். ஆனால் அந்த மழைப் பாட்டை எடுத்தாரே! விம்மி விம்மி அழுதேன். அபி இரண்டு கதிரை தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

பிறகு வரிசை. என் முறை வந்தது. ஒரு மேசை அகலத்தில் சுருட்டை! பழைய கசெட்டின் அட்டையை நீட்டினேன். வசனம் மறந்துபோனது. அதைத் தேடிப் பிடிக்கக் கண்ணை இறுக மூடினேன். அந்த நேரம் பார்த்து, தலைமுடிக்குள் மறைந்திருந்த இயர்போன் அடித்தது. நிறுத்தலாம் என்று தட்டினேன். அது அழைப்பைத் தொடுத்துக்கொண்டது.

“இஞ்சேரும், அரிசி கழுவோணுமோ?” என்றார் என் கணவர்.

கண் திறக்காமல், மெல்ல, “ஓம்” என்றேன்.

“சட்டிக்கை தண்ணி விடட்டோ?”

“ஓம்.” (வேறு எதற்குள் விடுவது?)

“கறிக்கு மிளகாய்த்தூள் அஞ்சு கரண்டி காணுமோ?”

எனக்கு வசனத்தின் முதல் பாதி அப்போதுதான் பிடிபட்டது. அஞ்சு கரண்டி போதுமா என்று அவர் கேட்டது காதில் ஏறவில்லை. “ஓம்ம்” என்று இழுத்தேன்.

கண்ணைத் திறந்தால், சுருட்டை எழுந்து நிற்கிறார். கை கூப்பியிருக்கிறது, கண் மூடியிருக்கிறது. அடிவயிற்றில் இருந்து ஒரு “ஓம்ம்ம்ம்ம்” வருகிறது. நாங்கள் ‘ஆமாம்’ என்பதற்குத்தான் அப்படிச் சொல்வோம் என்று அந்த ஆசிரமத்தில் ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை போலும்.

போனில் என் கணவர் துள்ளினார். “ஆரப்பா அது? எங்கடை ஆளோ? எந்த ஊராம் எண்டு கேளும்!”

சுருட்டை வரிசையைப் பார்த்துக் கையை உயர்த்தினார். பின்னால் நின்ற வழுக்கைகளும் நரைகளும் ஒரே குரலில் “ஓம்ம்ம்ம்” என்று தொடங்கின. மண்டபம் அதிர்ந்தது.

“உங்கை முழுக்க யாழ்ப்பாண ஆக்களோ?” என்றார் என் கணவர். “பிறகேன் இங்கிலீஷ் பாட்டெண்டு சொல்லிப்போட்டுப் போனனீர்?”

“அம்மா, ஸ்டாப் இட்!” என்றாள் அபி, முகத்தைக் கைப்பைக்குள் புதைத்துக்கொண்டு.

சுருட்டை என் இரண்டு கைகளையும் பிடித்தார். கண்ணில் நீர். தனக்கென்று ஒரு மந்திரம் தரும்படி இங்கிலீஷில் கெஞ்சினார். என் வசனம் இப்போது முழுசாக நாக்கு நுனியில் நின்றது. வாயைத் திறந்தேன்.

“அரிசி எவ்வளவெண்டு சொல்லுமப்பா! அண்ணை வந்து வாசல்லை நிக்கிறார்!”

எனக்கு வந்ததே கோபம்! “ரெண்டு சுண்டு!” என்று கத்தினேன். (சுண்டு என்றால் எங்கள் வீட்டில் அரிசி அளக்கிற தகரப் பேணி.)

“ரென்டு... சுன்டு...” என்றார் சுருட்டை, ஒவ்வொரு எழுத்தாகச் சுவைத்து. அதற்கு என்ன பொருள் என்று கேட்டார்.

பாட்டில் படித்த இங்கிலீஷ் அப்போதும் காலை வாரியது. பேணி, அளவு, அரிசி ஒன்றும் வரவில்லை. “எல்லாருக்கும் காணும்” என்பதை மட்டும் சொல்ல முடிந்தது: “இனஃப் ஃபார் எவ்ரிபடி.”

சுருட்டை தேம்பித் தேம்பி அழுதார். அட்டையில் ‘என் குருவுக்கு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குள் காவலாளி என்னை நகர்த்திவிட்டான். வசனம் நாக்கு நுனியிலேயே வீடு வந்து சேர்ந்தது.

அன்றைய கறியைச் சாப்பிட்ட கணவரின் தமையனார் குழாயைத் திறந்து அதன் கீழே வாயை வைத்தபடி நின்றார். என் கணவருக்கோ ஒரே கவலைதான். “அவர் எந்த ஊர் எண்டு கேட்டனீரோ?”

சில மாதம் கழித்து அபி போனை நீட்டினாள். சுருட்டையின் புதிய பாட்டு. தம்புரா ரீங்கரிக்க, அவரும் இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் போலப் போர்வைக்குள் இருந்து முணுமுணுக்கிறார்: “ரென்டு சுன்டு... இனஃப் ஃபார் எவ்ரிபடி.” அபியின் சிநேகிதிகள் இதைப் போட்டுக்கொண்டுதான் யோகா செய்கிறார்களாம். அவரிடம் நான் இங்கிலீஷ் படித்ததை அவருக்குச் சொல்ல முடியவில்லை. என்னிடம் அவர் படித்த தமிழை உலகத்துக்கே சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது.

இப்போதும் வீட்டுக்கு ஆட்கள் வந்தால், அபி அரிசிப் பேணியை உயர்த்திப் பிடித்து, “ரெண்டு சுண்டு காணுமோ?” என்பாள். எல்லோரும் கண்ணை மூடி “ஓம்ம்ம்ம்” என்பார்கள். என் கணவர் மட்டும் சேரமாட்டார். அந்தப் பாட்டை முதல் முறை முழுசாகக் கேட்டு முடித்த அன்றே அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“நான் அண்டைக்கே சொன்னனான், எங்கடை ஆள்தான். தமிழ் கதைக்கிற விதத்தைப் பார்த்தால் இஞ்சை லண்டனிலை பிறந்த பெடியன் போலை கிடக்கு. தாய் தேப்பன் எந்த ஊரோ தெரியேல்லை.”