மூஞ்சி சரியில்லாத மட்டை

கம்பெனி மேலாளர் மூன்றாவது முறையாக அந்தக் கோல்ஃப் மட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்ததும், லேத் பட்டறைக்காரர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். இந்தப் பேச்சை டீ குடித்துக்கொண்டே கேட்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

"மூஞ்சி இன்னும் சரியில்ல" என்றார் மேலாளர்.

"நீங்க சொன்னபடிதானே சார் செஞ்சேன்."

"செஞ்சீங்க. ஆனா முன்னைக்கு இப்ப மோசம்."

அந்த மட்டைக்குப் பட்டர் என்று பெயர். பந்து குழிக்குப் பக்கத்தில் வந்த பிறகு அதை மெல்லத் தட்டி உள்ளே உருட்டிவிடுவது அதன் வேலை. பந்தைத் தொடும் முகம் தீப்பெட்டி அகலத்துக்கு ஓர் இரும்புப் பட்டை, அவ்வளவுதான். "பந்து உருள்ற விதம் எனக்குப் பிடிக்கல, மூஞ்சியில ஏதாவது மாத்திக் குடுங்க" என்று ஒரு மாதத்துக்கு முன் மேலாளர் வந்து நின்றார். பட்டறைக்காரர் தட்டிப் பார்த்தார். முகம் கண்ணாடிபோல் வழவழவென்றிருந்ததால், அடிபட்ட பந்து முதலில் ஒரு சாண் தூரம் வழுக்கிப்போய், அதன் பிறகே உருளத் தொடங்கியது. நோய் பிடிபட்ட சந்தோஷத்தில் முகம் முழுக்க மயிரிழை மயிரிழையாகக் கோடு வெட்டினார். பந்து பிடிமானம் கிடைத்து உடனே உருண்டது.

ஒரே வாரத்தில் மட்டை திரும்பி வந்தது. பட்டறைக்காரர் மட்டை முகத்தின் நடுவைக் குடைந்து மிருதுவான நைலான் துண்டைப் பதித்தார். பந்து துள்ளாமல், சத்தமில்லாமல் கிளம்பியது. இப்போது அதுவும் திரும்பி வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் பட்டறையிலிருந்து போன வேலை ஒன்றுகூட இப்படித் திரும்பியதில்லை.

"பந்து குதிக்குதா சார்?"

"இல்ல."

"வழுக்குதா?"

"இல்லையே."

"பாதியில நின்னுடுதா?"

"அதெல்லாம் இல்லங்க. உருளுது."

"உருளணும்தானே?"

"உருளணும். ஆனா இப்படி உருளக் கூடாது" என்று சொல்லிவிட்டு மேலாளர் போய்விட்டார். அவர் கார் தெருமுனை திரும்பும்வரை பட்டறைக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார்.

அந்த நேரம் பார்த்து ரொட்டிக் கடைக்காரர் போன் செய்தார். அவருடைய மாவு பிசையும் மெஷினின் இரும்புத் தண்டு பத்து நாளாகப் பட்டறையில் கிடந்தது.

"என் வேலை என்னாச்சுண்ணே?"

"பட்டர்ல மாட்டிக்கிட்டேன். அதை முடிச்சுட்டு வந்துடறேன்."

"பட்டரை நான் பாத்துக்கறேன். நீங்க தண்டைப் பாருங்க."

பட்டறைக்காரர் தண்டைப் பார்க்கவில்லை. மட்டையை வீட்டுக்கு எடுத்துப்போய், கூடத்தில் ஜமக்காளத்தை விரித்து, மறுமுனையில் ஒரு டம்ளரைச் சாய்த்து வைத்து உருட்ட ஆரம்பித்தார்.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது?"

"ஆராய்ச்சி."

"மூணு டம்ளர் நசுங்கிடுச்சு. தரையில உக்காந்து சாப்பிட இடமில்ல. இதுக்கு ஆராய்ச்சின்னு பேரா?"

"இங்க பாரு, நட்டநடு மூஞ்சியில பட்டா பந்து வேகமாப் போகுது. ஓரத்துல பட்டா சோம்பிப் போகுது. இதான் கோளாறு. நடுவுல கோட்டை ஆழமா வெட்டி, ஓரத்துல போகப்போக மேலாக்க வெட்டிட்டா, எங்க பட்டாலும் ஒரே வேகம்."

"எங்க பட்டாலும் எனக்குத்தான் வலிக்குது" என்று காலடியில் வந்த பந்தை எத்திவிட்டு உள்ளே போனாள்.

நைலானைப் பிடுங்கிவிட்டுப் புது இரும்புத் துண்டைப் பதித்து, மூன்று நாள் உட்கார்ந்து அப்படியே வெட்டினார். முடித்தபோது கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் பந்து டம்ளருக்குள் போய் உட்கார்ந்தது. மனைவி தட்டினாலும் போயிற்று.

அடுத்த திங்கட்கிழமை மேலாளர் நான்காம் முறையாக வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க? நேத்து மானம் போச்சு. இதை மொதல்ல எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கிக் குடுத்துடுங்க."

"வெட்டின இரும்பு எப்படி சார் முளைக்கும்? என்னதான் கோளாறுன்னு வாயத் திறந்து சொல்லுங்களேன்."

மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாசலில் ரொட்டிக் கடைக்காரர் தன் தண்டைத் தேடிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் மென்று விழுங்கினார்.

பட்டறைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "ஞாயித்துக்கிழமை மைதானத்துக்கு நானே வர்றேன். என் கண்ணால பாத்துட்டு அப்புறம் பேசறேன்" என்றார். மேலாளர் எவ்வளவோ வேண்டாமென்றார். இவர் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்து வேலியோரம் போய் நின்றார். பக்கத்தில் மேலாளரின் டிரைவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். புல்வெளியில் மேலாளரும், வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு கனத்த மனிதரும். மேலாளருக்கு முப்பதடி தூரத்தில் குழி, நடுவில் ஒரு மேடு வேறு. அவர் மட்டையைத் தொட்டும் தொடாமலும் தட்டினார். அடி ஓரத்தில்தான் பட்டது. ஆனாலும் பந்து வேகம் குறையாமல் மேடேறி, வளைந்து இறங்கி, குழியின் விளிம்பைக்கூடத் தொடாமல் உள்ளே விழுந்தது.

பட்டறைக்காரருக்குப் புல்லரித்தது. இப்படி ஒரு மூஞ்சியை யாரால் வெட்ட முடியும்?

ஆனால் வெள்ளைத் தொப்பிக்காரர் தன் மட்டையைப் புல்லில் வீசிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். மேலாளர் துக்க வீட்டில் நிற்பவர்போலத் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"உள்ள விழுந்துடுச்சேப்பா, அப்புறம் எதுக்கு இவரு இடிஞ்சுபோய் நிக்கிறாரு?" என்று பட்டறைக்காரர் டிரைவரைக் கேட்டார்.

டிரைவர் துணியைப் பிழிந்து கார்மேல் போட்டார்.

"அந்தத் தொப்பிக்காரருதாங்க எங்க ஐயாவோட முதலாளி. கை வேணும்னு தப்பா அடிச்சா அவரு கண்டுபிடிச்சுடுவாருன்னுதான், மட்டையாவது தப்புப் பண்ணட்டும்னு ஐயா உங்ககிட்டக் கொண்டுவந்தாரு."